கே. பலராமன் வீதி

லூயிஸைப் பற்றிச் சொல்ல வரும்போது நல்லவர் என்ற சொல்லைச் சட்டென்று எடுத்துவிட முடிவதில்லை. கவனமானவர் என்று சொல்லலாம். கவனமாக இருப்பது வேறு, சரியாக நடப்பது வேறு என்பதை அவர் நாற்பத்து நான்காவது வயதில்தான் தெரிந்துகொண்டார். அதற்கான விலையைக் கொடுத்தது அவர் அல்ல.

பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் பிறந்து அங்கேயே இருப்பவர். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் மின்சாரப் பலகைகளுக்கு இரும்புப் பெட்டி செய்யும் சின்னப் பட்டறையில் இருபது வருடமாக டிராஃப்ட்ஸ்மேன். முன்பு சாய்பலகையில் வரைந்தார், பிறகு கணினியில். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். பாகத்தின் பெயர், தகட்டின் கனம், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கனம் எழுத வேண்டிய இடத்தை அவர் விட்டுவிட்டார். பட்டறைக்காரர்கள் கைக்குக் கிடைத்த தகட்டை வெட்டி நாற்பது கதவுகளை வீணாக்கினார்கள். அன்று முதல் அவர் கையிலிருந்து போகும் எந்தத் தாளிலும் எந்தக் கட்டமும் காலியாக இருந்ததில்லை.

2008ஆம் வருடம் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர், இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றை விட்டுவிட்டுப் போனார். இணையத்தில் ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து உலகத்தின் வரைபடத்தை வரைகிறார்கள், யாரும் யாருக்கும் சம்பளம் தருவதில்லை, பாண்டிச்சேரியில் கடற்கரையை ஒட்டிய சில தெருக்களைத் தவிர மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது என்பதும் அவர் மூலமாகத்தான் தெரிந்தது. அந்த வெள்ளை லூயிஸுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் தெருத் தெருவாகப் போவார். வீட்டுக்கு வந்து அந்தத் தடத்தைக் கணினியில் ஏற்றி, அதன்மேல் கோடு போட்டு, பெயர் எழுதுவார்.

"பூசை முடிஞ்சா எல்லாரும் கறி வாங்கப் போறாங்க. எங்க வூட்டுக்காரரு தெருப்போர்டு படிக்கப் போறாரு" என்று அவர் மனைவி சிந்தியா பக்கத்து வீட்டில் சொல்லுவாள்.

அந்த வரைபடத்துக்குச் சில விதிகள் உண்டு. அவற்றில் ஒன்று, தெருப்பெயரைச் சுருக்கி எழுதக் கூடாது என்பது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் லூயிஸுக்குப் பிடித்திருந்தது. முழுப்பெயர் இருந்தால் அதை இயந்திரம் சுருக்கிக்கொள்ளும். சுருக்கம் மட்டும் இருந்தால் அதை விரிக்க இயந்திரத்தால் முடியாது, அந்த இடத்தை அறிந்த ஒரு மனிதன் வேண்டும். அப்படி ஒரு மனிதனாகத் தன்னை நினைத்துக்கொள்வதில் யாருக்கும் ஒரு சின்ன மகிழ்ச்சி இருக்கும்.

சில மாதம் கழித்து ஹைதராபாத்திலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். வரைபடத்தில் பெயர்களைச் சோதிக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரியில் நாற்பத்தொரு தெருப்பெயர்கள் சுருக்கமாக இருக்கின்றன, முடிந்தால் கவனியுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார். லூயிஸ் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். ஜே.என். வீதி ஜவஹர்லால் நேரு வீதி ஆனது. எம்.ஜி. ரோடு மகாத்மா காந்தி ரோடு ஆனது. முடிந்த பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். மூன்று மாதத்தில் ஒன்றுதான் மிச்சம். அவர் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளியிருந்த கே. பலராமன் வீதி.

பலராமனை லூயிஸ் பார்த்திருக்கிறார். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், உயரமான சைக்கிளில் போவார், 1991இல் இறந்தார். அவருடைய மகள் தனக்கொடி அந்தத் தெருவில் ஏழாவது வீட்டில் இருப்பதும் லூயிஸுக்குத் தெரியும். முதலில் அங்கேதான் போனார். வீடு பூட்டியிருந்தது. தனக்கொடி அரியாங்குப்பத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் வந்திருக்கலாம். ஆனால் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் பாக்கி, அன்று ஞாயிற்றுக்கிழமை. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தணிகாசலத்திடம் கேட்டார்.

"அண்ணே, இந்தத் தெருப் பேர்ல கே-ன்னு இருக்கே, அது இன்னா பேரு?"

தணிகாசலம் மெஷின் மூடியைத் தூக்கித் தாளைத் திருப்பி வைத்தார். "எதுக்குக் கேக்குற? இங்க மனை வாங்கப் போறியா?"

"இல்லண்ணே. மேப்புல போடணும். முழுப்பேரு இருக்கணுமாம்."

"மேப்புலயா? அப்ப கண்டிப்பா போடு. கிருஷ்ணசாமி."

"நிச்சயமா தெரியுமாண்ணே?"

"ஊருக்கே தெரியும். அந்தாளு ஒருத்தருக்குத்தான் எழுத வரல" என்று சொல்லித் தணிகாசலம் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எதற்கு என்று லூயிஸ் கேட்கவில்லை. கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை என்று பிறகு அவரே சொன்னார். அன்று மதியம் கிருஷ்ணசாமி பலராமன் வீதி என்று எழுதிச் சேமித்தார். சுவரிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டார்.

தெருப்பெயரைச் சுருக்காதே என்று விதி எழுதியவர்கள் பெரும்பாலும் வெளிதேசத்துக்காரர்கள். அவர்கள் நினைத்திருந்தது தெரு, சாலை, சந்து போன்ற சொற்களைத்தான். நம் ஊரில் ஒரு மனிதனின் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அவனுடைய அப்பா. அதை விரிப்பது என்றால், இவன் இன்னாருடைய மகன் என்று சொல்வது. அது லூயிஸுக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவர் பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்து இருந்தது. ஆனாலும் கட்டத்தை நிரப்பும்போது அது ஓர் எழுத்தாகத்தான் கண்ணில் பட்டது.

பலராமனின் தாய் மெயின் ரோட்டில் கிருஷ்ணசாமி என்ற அரிசி மண்டிக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவள் புருஷன் காத்தவராயன் துறைமுகத்துக்குத் துணிப்பொதி ஏற்றும் மாட்டுவண்டிக்காரர். பிள்ளைக்கு நாலு வயதாகும்போது அவர் இறந்தார். அதற்குப் பிறகு கிருஷ்ணசாமி அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், வளர்ந்ததும் மில்லில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். இந்த உதவிக்கு ஊர் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்தது. குழாயடிச் சண்டையில், சீட்டுக் கச்சேரியில், பலராமனிடம் யாருக்காவது கோபம் வந்தால் ஒரே ஒரு கேள்விதான். எந்த கே? பலராமன் பதில் சொன்னதில்லை. மில் பேரேட்டில் முழுப்பெயர் கேட்டபோதும் "கே-ன்னா கேதான்" என்று சொல்லிவிட்டாராம். அந்த எழுத்தை அவர் அறுபது வருடம் மூடியே வைத்திருந்தார். தெருவில் மழைத்தண்ணீர் நின்றபோது தன் முன்சுவரை இடித்து மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டி, வாய்க்காலுக்கு இடம் விட்டார். அதனால்தான் தெருவுக்கு அவர் பெயர் வந்தது. பலகையிலும் கே என்றுதான் எழுதவேண்டும் என்று அவர் சொன்னதாக மகளுக்கு ஞாபகம்.

2009 செப்டம்பரில் குடியிருப்போர் சங்கம் தெருக்களுக்குப் புதுப் பலகைகள் வைக்க முடிவு செய்தது. ஒரு ஜவுளிக்கடை உபயம். சங்கச் செயலாளர் தணிகாசலம். பெயர்ப்பட்டியல் தேவைப்பட்டபோது லூயிஸ் தன் வரைபடத்தையே பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தார். இருபத்துமூன்று தெருக்கள், எல்லாம் முழுப்பெயரோடு. ஒரு எழுத்துப்பிழை இல்லை என்று இரண்டு முறை படித்துப் பார்த்தே கொடுத்தார். மழை தொடங்கும் முன் பலகைகள் வந்துவிட்டன. நீலத்தில் மஞ்சள் எழுத்து.

தனக்கொடிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தவள் தெருமுனையில் பலகையைப் பார்த்தாள். விசாரித்துக்கொண்டு நேராக லூயிஸின் வீட்டுக்கு வந்தாள். லூயிஸ் பட்டறையிலிருந்து வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சிந்தியா கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

லூயிஸ் வண்டியை நிறுத்தினார்.

"நீ சூசை மவன்தானே?" என்றாள் தனக்கொடி.

"ஆமாக்கா."

"உங்கப்பா பேர நான் சரியா சொன்னனா?"

"சரிதாங்கா. உள்ள வாங்க."

"எங்கப்பாவுக்கு அப்பா பேர நீ யாரக் கேட்டு எழுதுன?"

வந்தபோது வீடு பூட்டியிருந்ததை லூயிஸ் சொன்னார், தணிகாசலத்தின் பெயரையும் சொன்னார். சொல்லும்போதே அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"அந்தாளு கடைப் பக்கம் எங்கப்பா சாவற வரைக்கும் போனதில்ல. ஏன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர்ல தெரு போடறவனுக்குத் தெரியாதா? பூட்டியிருந்தா இன்னொரு நாள் வர மாட்டியா? எங்க வூடு ஓடியா போயிடும்?"

சிந்தியா அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள். லூயிஸ் கணினியைப் போட்டு, அவள் கண்ணெதிரே கிருஷ்ணசாமியை அழித்துப் பழையபடி கே என்று எழுதினார்.

"எடுத்துட்டேங்கா. பாருங்க, இனிமே உலகத்துல யாரு பாத்தாலும் கேதான் தெரியும்."

"உலகத்த வுடு" என்றாள் தனக்கொடி. "அங்க தெருவுல?"

மறுநாள் லூயிஸ் தணிகாசலத்திடம் போனார். பலகையை மாற்றச் சொன்னார்.

"ஆதாரம் குடு, மாத்திடறேன்" என்றார் தணிகாசலம். "எனக்கா ஆசை? மேப்புல அப்படித்தானே இருந்துது? நீ குடுத்த மேப்பு."

"நீங்க சொல்லித்தானே நான் எழுதுனேன்?"

"நான் வாயில சொன்னேன். எழுதுனது நீ."

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. தெருக்களைப் படமெடுத்துப் போடும் ஒரு கல்லூரி மாணவர் புதுப் பலகையையும் படமெடுத்து, வரைபடத்தில் மீண்டும் கிருஷ்ணசாமி பலராமன் வீதி என்று மாற்றினார். அவர் மேல் குற்றம் இல்லை. தெருவில் நிற்கும் பலகை என்ன சொல்கிறதோ அதுவே சரி என்பதும் அந்த விதிகளில் ஒன்று. வரைபடத்தைப் பார்த்துப் பலகை வந்தது, பலகையைப் பார்த்து வரைபடம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஜெராக்ஸ் கடையில் எழுந்த ஒரு சிரிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. லூயிஸ் ஹைதராபாத்காரருக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினார். அவர் வருத்தம் தெரிவித்தார். எழுத்துக்கு விரிவு நிச்சயமாகத் தெரியாவிட்டால் இருக்கிறபடியே விட்டுவிடலாம், விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது என்றும் எழுதினார். லூயிஸ் தேடிப் பார்த்தார். இருந்தது. நாற்பத்தொரு பெயர்களை விரிக்கும் அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை தனக்கொடி ஒரு பழுப்பு உறையோடு வந்தாள். உள்ளே பிரெஞ்சில் எழுதி முத்திரை குத்திய தாள். பலராமனின் பிறப்புப் பதிவின் நகல். பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது யார் பிரெஞ்சுக் குடியாக இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்களே, அந்தச் சமயத்தில் பலராமன் வாங்கி வைத்தது. பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. தாள் மட்டும் பெட்டியில் இருந்தது.

"ஆதாரம் கேட்டாருல்ல? இதுல எங்க தாத்தா பேரு இருக்கும். காத்தவராயன்னு இருக்கும். உனக்குத்தான் பிரெஞ்சு வருமே. படி."

லூயிஸ் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். மெதுவாகப் படித்தார். 1926. ஆண் குழந்தை, பெயர் பலராமன். தாயின் பெயர், அவள் தொழில் வீட்டு வேலை. பதிவு செய்ய வந்தவரின் கைநாட்டு. தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில், தகப்பன் குறிப்பிடப்படவில்லை என்று இருந்தது.

அவர் நிமிராமல் இருந்தார். அன்றைய பிரெஞ்சுப் பதிவில் இது அதிசயம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கோவிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போகாதவர்கள் ஊரில் பாதிப் பேர். சட்டத்தின் கண்ணில் அவர்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை, பிள்ளைக்குத் தகப்பன் பெயர் ஏறாது. ஆகவே இந்தத் தாள் கிருஷ்ணசாமி என்றும் சொல்லவில்லை, காத்தவராயன் இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் இதைத் தணிகாசலத்திடம் காட்டினால் அவர் எப்படிப் படிப்பார் என்பதும் தெரியும்.

எதிரில் தனக்கொடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. தணிகாசலத்துக்கும் தெரியாது. காத்தவராயன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பத்து நாளில் பலகை மாறிவிடும். பலராமனும் அதைத்தான் விரும்பியிருப்பார். ஒருவேளை உண்மையும் அதுவாகவே இருக்கலாம். இருக்கலாம் என்ற சொல்தான் அவரைத் தடுத்தது. அவர் உண்மைக்காக நின்றார் என்று இதைப் பெரிதாகச் சொல்லத் தோன்றவில்லை. தெரியாத ஒன்றை மறுபடியும் தன் வாயால் நிரப்ப அவருக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"எழுதலக்கா" என்றார்.

"இன்னா எழுதல?"

"அப்பா பேரு. யாரு பேரும் எழுதல. அந்தக் காலத்துல ரெஜிஸ்டர் பண்ணாத கல்யாணத்துக்கு அப்படித்தான் போடுவாங்க. எங்க தாத்தா பதிவுலகூட அப்படி இருக்கலாம். இதுக்கு வேற அர்த்தம் இல்லக்கா."

தனக்கொடி தாளை வாங்கி, அவர் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். படிக்கத் தெரியாத வரியை வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கப்பா பிரெஞ்சு நோட்டீசு படிப்பாரு" என்றாள்.

லூயிஸ் பழுப்பு உறையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப அவருக்குத் தெரியும். அதான் எங்கயும் காட்டல." தாளை மடித்து உறையில் வைத்தாள்.

வெறுமனே பலராமன் வீதி என்று எழுதச் சொல்லலாமா என்று லூயிஸ் கேட்டார்.

"முன்னாடி எழுத்தே இல்லாம? அப்பன் பேரு இல்லாதவன்னு நீங்களே போர்டு எழுதி மாட்டப் போறீங்களா?"

"அப்ப பழையபடி கே-ன்னே…"

"நேத்து வரைக்கும் கே-ன்னு பாத்தா கே-ன்னுதான் படிச்சாங்க. இனிமே கே-ன்னு போட்டாலும் எல்லாரும் அந்தப் பேரத்தான் படிப்பாங்க. தொறந்து காட்டிட்டீங்க. மூடுனா மூடுமா?"

சிந்தியா காபி கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை தனக்கொடி குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பேரே வாணாம். எடுத்துடச் சொல்லு" என்றாள்.

"அக்கா, அவரு பேரே இல்லாமப் போயிடும்."

"அந்தப் பேரோட நிக்கறதுக்கு, இல்லாமப் போவட்டும்."

சங்கக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். லூயிஸ் எழுந்து, அந்தப் பெயரைத் தான் விசாரிக்காமல் எழுதியதாகவும், அதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றும், அதைப் பார்த்துப் பலகை வைக்கும்படி ஆனது தன் தவறு என்றும் சொன்னார். தனக்கொடியின் தாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. தணிகாசலத்தின் பெயரையும் சொல்லவில்லை. அது பெருந்தன்மையா, கூச்சமா என்று சொல்வது கடினம். குடும்பத்தார் பெயரையே எடுத்துவிடக் கேட்கிறார்கள் என்றார். தணிகாசலம் உடனே ஒப்புக்கொண்டார். நான்காவது குறுக்கு வீதி என்று போட்டுவிடலாம், எண் போட்டால் தகராறு வராது என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "நாலாம் குறுக்குக்கு அப்பன் யாருன்னு எவனும் கேக்க மாட்டான்" என்றார். சிலர் சிரித்தார்கள். தணிகாசலம் அன்று சிரிக்கவில்லை.

டிசம்பர் கடைசியில் பலகை மாறியது. லூயிஸ் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வரைபடத்தில் நான்காவது குறுக்கு வீதி என்று எழுதினார். விதிப்படி அது முழுப்பெயர். யாரும் அதைப் பற்றி இனி எழுதிக் கேட்கப் போவதில்லை. சுவரை மூன்றடி உள்ளே தள்ளிய மனிதன் வரைபடத்திலும் தெருவிலும் ஒரே வாரத்தில் இல்லாமல் போனான். வாய்க்கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வரைபடத்தில் ஒரு தெருவின் பழைய பெயரை எழுதி வைக்கவும் தனி இடம் உண்டு. வரைபடத்தில் அது தெரியாது, தேடுகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும். அங்கே கே. பலராமன் வீதி என்று எழுதலாமா என்று லூயிஸ் ஒரு வாரம் யோசித்தார். இந்த முறை கேட்காமல் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனார், வீடு பூட்டியிருந்தது. திங்கட்கிழமை பட்டறை முடிந்து போனார், அப்போதும் பூட்டியிருந்தது. புதன்கிழமை தனக்கொடி இருந்தாள். வாசலில் கேஸ் சிலிண்டர் ஒன்று இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

அவர் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"பழைய பேருன்னா, யாரு தேடுவா?"

"யாராவது எப்பவாவது தேடலாங்கா."

"தேடி வந்து இன்னா கேப்பாங்க?"

லூயிஸுக்குப் பதில் தெரிந்திருந்தது.

"வாணாம்" என்றாள் தனக்கொடி. "என் தலமுறை போவட்டும். அப்புறம் எவனாவது வந்து எழுதிக்கட்டும், எனக்குக் கேக்கவா போவுது?"

"சரிங்கா."

அவர் திரும்பினார். படி இறங்கும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"வந்தது வந்துட்ட. இந்த சிலிண்டர உள்ள உருட்டிக் குடுத்துட்டுப் போ. போட்டவன் வாசல்லயே வச்சிட்டுப் போயிட்டான்."

லூயிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலிண்டரைச் சாய்த்து விளிம்பில் உருட்டியபடி, குறுகிய நடை வழியாகச் சமையலறை வரைக்கும் கொண்டுபோய் அவள் காட்டிய மூலையில் நிறுத்தினார்.